கஷ்கொட்டை கற்பித்த பாடம்

நாம் சிறுவராயிருந்த நாளில், சபுராளியான நம் வாப்பா சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்புவார்கள். ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்துக்கு வந்துவிட்டது என்ற செய்தி எட்டியதுமே வீட்டில் பெருநாள் பிறந்துவிடும். பெட்டி திறக்கப்படும்போது சுற்றி அமர்ந்திருக்கும் சிறுவர்களுக்குக் கைலியும் அத்தரும் ஒரு பொருட்டல்ல. தின்பண்டம் எங்கே என்பதே கேள்வி.

ஒருமுறை, காகிதப் பொதி ஒன்றை வாப்பா தம் கையாலேயே பிரித்தார்கள். உள்ளே கரும்பழுப்பு நிறத்தில், ஒரு புறம் தட்டையும் மறுபுறம் புடைப்புமாய், நுனி கூர்ந்த கொட்டைகள் இருந்தன. ‘பெராங்கான்’ என்றார்கள். சீனக் கடைக்காரர் பெரிய இருப்புச் சட்டியில் கருமணலும் சர்க்கரையும் இட்டு அவற்றை வறுப்பதையும், அந்த வாசனை தெருக்கோடி வரை வருவதையும் அவர்கள் சொல்லச் சொல்ல நம் நாவில் நீர் ஊறிற்று. ஆனால் கடற்பயணத்தின் ஈரம் தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது. ஓட்டை உடைத்தால் உள்ளே பச்சைப் பூஞ்சணம். உம்மா பெரும்பாலானவற்றைக் குப்பையிற் சேர்த்தார்கள். தேறியவை ஐந்தாறே. அவற்றுள் ஒன்றை நம் நானாவும் நாமும் பாதி பாதியாகத் தின்றோம். வெந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கின் சுவை! முந்திரியின் கொழுமையோ கடலையின் எண்ணெய்ப் பசையோ அதில் சிறிதும் இல்லை. அன்று நாக்கு சொன்ன உண்மையை அறிவு ஏற்றுக்கொள்ள ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆயின.

அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் புகுகின்றோம்.

2023ஆம் ஆண்டின் இறுதியில், நானாவும் நாமும் உம்ராவை முடித்துக்கொண்டு திரும்பும் வழியில் இஸ்தான்பூல் நகரில் நான்கு நாட்கள் தங்கினோம். எலும்பைத் துளைக்கும் குளிர். மாலையில் படகுத்துறைப் பக்கம் நடந்தபோது, சிவப்புத் தள்ளுவண்டி ஒன்றின் மீது கரியடுப்பு கனன்றுகொண்டிருந்தது. தட்டின்மேல் வாய் பிளந்த கொட்டைகள் வரிசை வரிசையாக வெந்துகொண்டிருந்தன. நானா நின்றுவிட்டார்கள்.

“தம்பி, இது நம்ம வாப்பா கொண்டாந்த பெராங்கான்ல?”

அதுவேதான். துருக்கியர் அதனைக் ‘கெஸ்தானே’ என்பர். தமிழ் நூல்களில் கஷ்கொட்டை என்ற பெயர் வழங்குகின்றது. நூறு கிராம் நிறுத்துக் காகிதப் பையில் இட்டுக் கொடுத்தார் வண்டிக்காரர். சூடு கையில் ஏறிற்று. நடந்துகொண்டே உரித்துத் தின்றோம். நானா இரண்டாவது பையும் வாங்கினார்கள். நாம் நம் பையிலிருந்ததிலும் பாதியை அவர்களிடமே நீட்டினோம்.

நானாவுக்குச் சீனி வியாதி தொற்றி இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றது. வாப்பாவுக்கும் அதே நோய்தான். இறுதிக் காலத்தில் கால் விரல்களை ஒவ்வொன்றாக இழந்து, அவர்கள் பட்ட வேதனையை நாங்கள் இருவரும் அருகிருந்து கண்டவர்கள். ஆகவே நானா உணவில் மிகுந்த கட்டுப்பாடு உடையவர்கள். “கொட்டை வகை சீனிக்கு நல்லதுன்னு நீதான படிச்சுச் சொன்ன. இன்னிக்கு ராத்திரிக்கு எனக்கு இதுவே போதும். சோறும் வேணாம், ரொட்டியும் வேணாம்” என்று பெருமையோடு சொன்னார்கள். நாமும் மகிழ்ந்தோம்.

தங்கும் விடுதிக்குத் திரும்பி, வழக்கம்போல் விரல் நுனியில் குத்திப் பார்த்தபோது கருவி 312 என்று காட்டிற்று. கருவி பழுதோ என ஐயுற்று மீண்டும் பார்த்தோம். எண் ஏறக்குறைய அதுவே. நானாவின் முகம் வாடிவிட்டது. “சோத்தத் தொடலயே தம்பி, பின்ன எப்படி?” என்று அவர்கள் கேட்டபோது நம்மிடம் விடை இல்லை. அவர்கள் அன்றிரவு தம் கால் விரல்களையே பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்ததை நாம் மறக்கவியலாது.

ஊரில் மருத்துவராயிருக்கும் நம் லாத்தா மகனைத் தொலைபேசியில் அழைத்தோம். மாத்திரை பற்றியும் தண்ணீர் அருந்துவது பற்றியும் சொல்ல வேண்டியவற்றைச் சொன்னபின் அவர் மெல்லச் சிரித்தார். “மாமா, நீங்க அத பாதாம் கணக்குல எழுதிட்டீங்க. அது சோத்துக் கணக்குல வர வேண்டியது.”

அந்த ஒரு வாக்கியத்தின் பின்னே போனதில் நாம் அறிந்துகொண்டவை பல.

பாதாம், முந்திரி, அக்ரூட் முதலியன எண்ணெய் வித்துக்கள். நூறு கிராம் பாதாமில் ஏறத்தாழ 50 கிராம் கொழுப்பு உண்டு, மாவுச்சத்து குறைவு. கஷ்கொட்டையின் இயல்போ முற்றிலும் வேறு. வறுத்த பருப்பு நூறு கிராமில் கொழுப்பு 2 கிராமைச் சற்றே கடக்கும். புரதம் 3 கிராம் அளவு. மாவுப்பொருளோ 53 கிராம்! எஞ்சியதில் பெரும்பங்கு நீர். அதே எடையுள்ள வெண்சோற்றில் மாவுப்பொருள் ஏறத்தாழ 28 கிராம்தான். எனவே, நானா அன்று தின்ற இரண்டு பைகளில் ஓடு போக நூற்றைம்பது கிராம் பருப்பு இருந்ததென்று கொண்டாலும், அது கால் கிலோவுக்கு மேற்பட்ட சோற்றுக்குச் சமம். நாம் அன்போடு நீட்டிய பங்கு அதற்கு மேல். சோற்றைத் தொடாமலே ஒரு பெருஞ்சோற்று விருந்தை அவர்கள் உண்டு முடித்திருந்தார்கள். ஊட்டியவர் நாம்!

பெயரால் கொட்டை, பொருளால் தானியம். இதனைப் பழைய உலகத்து மக்கள் நம்மைவிட நன்கு அறிந்திருந்தனர்.

துருக்கியின் கருங்கடற்கரை வழியே கி.மு. 400ஆம் ஆண்டளவில் கிரேக்கப் படையொன்று ஊர் திரும்பிற்று. அப்படையை நடத்தியவர்களுள் ஒருவரான செனபோன் தம் நூலில், அங்கு வாழ்ந்த மலைமக்கள் தட்டையான, உட்பிளவற்ற ஒருவகைக் கொட்டையை மேல்மாடங்களில் சேமித்து வைத்திருந்ததையும், அதனை அவித்தும் ரொட்டியாகச் சுட்டும் உண்டதையும் குறித்திருக்கின்றார். அது கஷ்கொட்டையே என்பது அறிஞர் பலரின் கருத்து. கோதுமை விளையாத மலைச்சரிவுகளில் இம்மரமே வயலாயிற்று. பிரான்சு நாட்டின் செவென் மலைகளிலும் கோர்சிகாத் தீவிலும் இதற்கு ‘ரொட்டி மரம்’ என்றே பெயர். கோர்சிகாவை ஜெனோவா நகரத்தார் ஆண்டபோது, 1584ஆம் ஆண்டில், நிலமுடையோர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் நான்கு மரங்கள் நட வேண்டுமெனக் கட்டளை பிறந்தது. அந்நான்கில் ஒன்று கஷ்கொட்டை. செவென் மக்கள் சிறு கல்வீடுகளில் பரண் அமைத்து, கீழே மெல்லிய தீ மூட்டி, வாரக்கணக்கில் இக்கொட்டைகளை உலர்த்துவர். உலர்ந்ததை ஓடு நீக்கி அரைத்தால் மாவு. அம்மாவு கஞ்சியாகும், களியாகும், அடையாகும். நம் பாட்டிமார் கேழ்வரகைக் கொண்டு செய்தவற்றை அவர்கள் இதனைக் கொண்டு செய்தனர்.

அமெரிக்க மலைநாட்டு ஏழையரும் ஒரு காலத்தில் இதனையே நம்பியிருந்தனர். 1904ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் கண்டறியப்பட்ட, ஆசியாவிலிருந்து சென்ற ஒரு பூஞ்சணம், அரை நூற்றாண்டுக்குள் அந்நாட்டின் கஷ்கொட்டை மரங்களில் முந்நூறு கோடிக்கு மேற்பட்டவற்றை அழித்துவிட்டது. வேரிலிருந்து துளிர்ப்பவையும் வளர்ந்து காய்க்குமுன் பெரும்பாலும் அந்நோய்க்கே இரையாகின்றன. அம்மக்கள் இழந்தது ஒரு தின்பண்டத்தையன்று. அவர்களுடைய நெற்களஞ்சியத்தையே எனலாம்.

அரபு மருத்துவ நூலோர் இதனை ‘ஷாஹ்பலூத்’ என்ற பாரசீகப் பெயரால் வழங்கினர். பலூத் என்பது கருவாலிக் கொட்டை. ஷாஹ் என்பதன் பொருள் நாம் அறிந்ததே. கருவாலிகளின் அரசன்! இன்றைய தாவர நூலாரும் இவ்விரண்டையும் ஒரே குடும்பத்தில் வைக்கின்றனர். எகிப்து முதலிய நாடுகளில் இதற்கு ‘அபூ ஃபர்வா’ என்று பெயர். மென்மயிர்ப் போர்வைக்காரன் என்று பொருள் கொள்ளலாம். முள்ளம்பன்றி போன்ற மேலுறைக்குள், தோல்மேல் தோல் போர்த்து அமர்ந்திருக்கும் பொருளுக்கு இப்பெயர் பொருத்தமன்றோ!

இவ்வளவும் சொன்னதால் கஷ்கொட்டை தீங்கானது என்று எவரும் எண்ணிவிடலாகாது. உணவு என்ற வகையில் அதன் சிறப்புக்கள் உண்மையானவை. நூறு கிராமில் 5 கிராம் நார்ச்சத்து உண்டு. வெண்சோற்றில் அது அரை கிராம்கூட இல்லை. மலச்சிக்கல் உடையோர்க்கு இது நன்று. மற்றக் கொட்டைகளில் இல்லையென்றே சொல்லத்தக்க வைட்டமின் சி, வறுத்த கஷ்கொட்டையில் நூறு கிராமுக்கு 26 மில்லிகிராம் உள்ளது. பச்சையாக இருக்கும்போது இன்னும் அதிகம். வெப்பம் ஒரு பகுதியை அழித்துவிடுகின்றது. பொட்டாசியம் வாழைப்பழத்திலுள்ளதைவிட மிகுதி; உப்புச்சத்தோ மிகச் சொற்பம். ஆதலால் இரத்த அழுத்தமுடையோர்க்கு உப்பிட்டு வறுத்த முந்திரியைவிட இது உகந்தது. ஆனால் சிறுநீரகம் தளர்ந்து, பொட்டாசியத்தைக் குறைக்குமாறு மருத்துவர் சொல்லியிருப்பவர்கள் அவரைக் கேளாமல் உண்ணலாகாது. கோதுமையின் பசைப்புரதம் ஒவ்வாதவர்களுக்கு இதன் மாவு ஒரு வரம். கொழுப்புக் குறைந்ததாதலால், ஒரே எடைக்கு முந்திரி தரும் வெப்ப ஆற்றலில் பாதிக்கும் குறைவாகவே இது தருகின்றது.

இனி, கையாளும் முறை. ஓட்டைக் கத்தியால் கீறாமல் தீயிலிட்டால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் கொட்டை வெடித்துச் சிதறும். தட்டைப் பக்கமோ புடைத்த பக்கமோ, ஒரு கீறல் இன்றியமையாதது. சூடு தணியுமுன் உரித்தால் உள்தோலும் உடன் வரும், ஆறிவிட்டால் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தோல் துவர்ப்பும் கசப்பும் உடையது, நீக்கிவிடுவதே முறை. ஏறத்தாழப் பாதி எடை நீராக இருப்பதால் பச்சைக் கொட்டை நெடுநாள் தாங்காது. குளிர்பெட்டியில் வைத்து விரைவில் தின்று தீர்க்க வேண்டும். பூஞ்சணம் பிடித்ததைத் துடைத்துத் தின்னலாமென்று எண்ணுவது தவறு. அன்று உம்மா குப்பையில் எறிந்ததே சரி. ரப்பர்ப் பால் ஒவ்வாதவர்களில் சிலருக்கு வாழைப்பழத்தைப் போலவே கஷ்கொட்டையும் ஒவ்வாமை தருவதுண்டு. சிறு குழந்தைகளுக்கு முழுதாகக் கொடாது மசித்துக் கொடுப்பதே பாதுகாப்பு.

மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. ஐரோப்பியப் பூங்காக்களில் ‘குதிரைக் கஷ்கொட்டை’ என்றொரு மரம் உண்டு. இமயமலைச் சாரலிலும் அதன் உறவு மரம் வளர்கின்றது. அதன் விதை பளபளப்பாய், நுனியில் கூர்மையின்றி உருண்டிருக்கும். மேலுறையில் முட்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே காணப்படும். அது நஞ்சு. உண்ணும் கஷ்கொட்டையின் மேலுறையோ ஊசி குத்த இடமின்றி முள் அடர்ந்தது. கொட்டையின் நுனியில் சிறு குஞ்சம் இருக்கும். வெளிநாடுகளில் குடியிருக்கும் நம் பிள்ளைகள், பூங்காவில் பேரர்கள் பொறுக்கும் விதைகளைக் கவனித்தல் நலம். இங்கும் பெயரே ஏமாற்றுகின்றது!

நாம் எண்ணிப் பார்த்ததுண்டு. அன்றிரவு நானாவுக்குத் தீங்கு செய்தது கஷ்கொட்டையா? அன்று. ‘கொட்டைகள் நல்லவை’ என்று எங்கோ படித்த அரைகுறைச் செய்தியை, எந்தக் கொட்டை, எவ்வளவு, யாருக்கு என்று கேளாமல் நாம் அவர்களிடம் சேர்த்ததே தீங்கு செய்தது. இன்று கைப்பேசியில் நாள்தோறும் வந்து விழும் மருத்துவக் குறிப்புக்களை அன்பின் மிகுதியால் உறவினர்க்கு அனுப்பிவைக்கும் நம்மனைவர்க்கும் இது பொருந்தும். எந்தப் பொருளையும் இதற்கு மருந்து, அதற்கு மருந்து என்று உயர்த்துவதைவிட, அது எத்தகைய உணவு என்று அறிந்துகொள்வது மேல். மலையக ஏழைகளுக்குப் பல நூற்றாண்டுகள் பசி தீர்த்த ரொட்டி என்பதே கஷ்கொட்டைக்குப் போதிய புகழ்.

சிங்கப்பூரிலிருக்கும் நானாவின் மகன் இப்போது காற்று நீக்கி அடைத்த உறைகளில், உரித்து வேகவைத்த கஷ்கொட்டையை அனுப்புகின்றார். பூஞ்சணத்துக்கு இனி வேலையில்லை. நானா அதனைத் துறந்துவிடவில்லை. மருமகனின் யோசனைப்படி கணக்கு வைத்து உண்ணுகின்றார்கள். கஷ்கொட்டை தின்னும் நாளில் பகற்சோற்றில் ஒரு கரண்டி குறையும். அதற்கு ஈடாக நான்கு கொட்டைகள். மென்று, சுவைத்து, வாப்பாவின் கப்பல் கதையை மறுபடியும் தொடங்கிவிடுவார்கள்.

ஐந்தாவதை அவர்கள் எடுப்பதில்லை. நாமும் நீட்டுவதில்லை.