கடைசி அலகு

கொள்ளிடக் கரையோரம், ஸ்ரீரங்கத்தின் மதில்களுக்கு வெளியே ஒரு சமுதாயக் கூடத்தில் நாங்கள் மாலை வகுப்பு நடத்துகிறோம். வரும் பிள்ளைகளில் பாதிப் பேரின் அம்மாக்கள் தூய்மைப் பணியாளர்கள். போன மாதம் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் சமூக அறிவியல் புத்தகத்தைப் புரட்டினோம். உலகப் போர்களும் காந்தியக் காலமும் ஓரம் சுருண்டு, பேனாக் கோடுகளால் நிறைந்திருந்தன. வரலாற்றின் பத்தாவது, கடைசி அலகு மட்டும் நேற்று அச்சடித்தது போல இருந்தது. தமிழ்நாட்டின் சமூக மாற்றங்களைப் பேசும் அலகு அது. இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் இருப்பது அங்கேதான்.

"அது முக்கியமில்ல, விட்டுடலாம்னு சொல்லிட்டாங்கக்கா" என்றாள்.

சொன்னவரைத் திட்ட இதை எழுதவில்லை. பாடத்தை முடித்து, திருப்புதல் தேர்வு நடத்தி, தேர்ச்சி விழுக்காடு காட்ட வேண்டிய ஆசிரியர் எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டும்போது கத்தி எங்கே போய் விழுகிறது என்பதுதான் எங்கள் கவலை.

பாடத்திட்டம் என்றதும் சென்னையில் ஏதோ ஒரு அறையில் நடக்கிற வேலை என்று நினைக்கிறோம். ஓரளவு உண்மைதான். பாடத்தில் ஒரு வரியை மாற்றும் அதிகாரம் திருச்சி மாவட்டக் கல்வி அலுவலருக்குக் கிடையாது. ஆனால் சமச்சீர்க் கல்வியின் கதையில் எங்கள் ஊருக்கு இரண்டு பக்கமும் பங்குண்டு. மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிக், ஓரியண்டல், ஆங்கிலோ இந்தியன் என்று நான்காகப் பிரிந்து கிடந்ததை ஒன்றாக்கப் பரிந்துரைத்த குழுவின் தலைவர் ச. முத்துக்குமரன், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர். 2010இல் சட்டமானது, அந்தக் கல்வியாண்டில் 1, 6 வகுப்புகளுக்குப் புத்தகம் வந்தது. 2011இல் ஆட்சி மாறியதும் அதைத் தள்ளிவைக்கச் சட்டத் திருத்தம் கொண்டுவந்த முதல்வர் ஜெயலலிதா, ஸ்ரீரங்கம் தொகுதி எம்.எல்.ஏ.

அந்த ஜூன், ஜூலை எங்களுக்கு மறக்காது. அப்போது நாங்கள் கல்லூரி மாணவர்கள். பள்ளி திறந்தும் பிள்ளைகள் கையில் புத்தகம் இல்லை. காசுள்ள வீடுகளில் டியூஷன் ஓடியது. சேரிப் பிள்ளைகள் வெறும் பையோடு போய் வந்தார்கள். உயர்நீதிமன்றம் திருத்தத்தை ரத்து செய்தது. ஆகஸ்ட் 9 அன்று உச்சநீதிமன்றம், பத்து நாளைக்குள் நடைமுறைப்படுத்தச் சொன்னது. வந்த புத்தகங்களில் சில இடங்களில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். முந்தைய முதல்வர் தொடர்பான பகுதிகளாம். பிள்ளைகள் நகத்தால் சுரண்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று படித்தார்கள். அவ்வளவு ஆர்வமாக வேறு எந்தப் பாடத்தையும் அவர்கள் படித்து நாங்கள் பார்த்ததில்லை!

2017இல் மறுபடி மாற்றம். மு. அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு, இணையத்தில் வரைவு, மக்களிடம் கருத்துக் கேட்பு. 2018, 2019இல் புதுப் புத்தகங்கள். நல்ல புத்தகங்கள் என்றே சொல்வோம். அயோத்திதாசருக்கு அதில் இடம் கிடைத்தது சிறிய விஷயமல்ல. ஆனால் கூட்டிப் பெருக்கிவிட்டு வீடு திரும்பும் ஒரு தாய் இணையத்தில் எந்த வரைவைத் திறந்து, எந்தப் படிவத்தில் கருத்து எழுதுவாள்?

2021இல் பாடநூல்களில் ஆசிரியர் பெயர்களுக்குப் பின்னால் இருந்த சாதி ஒட்டுகளை எடுத்தார்கள். உ.வே. சாமிநாதையர் சாமிநாதர் ஆனார். எங்களுக்கு இதில் இரண்டு மனது. ஒட்டு போனது நல்லதுதான். ஆனால் பக்கத்தில் சாதியை அழிப்பது சுலபம். பையனின் மணிக்கட்டில் இருக்கும் வண்ணக் கயிறு அப்படியே இருக்கிறது. நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை கயிற்றையும் பேசியது, பாடத்திட்டத்தைச் சமூகநீதிக் கண்ணோட்டத்தில் மறுஆய்வு செய்யவும் சொன்னது. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கையும் வந்துவிட்டது.

அடுத்த வரைவு வரும்போது நாங்கள் கேட்கப்போவது இரண்டே. அதை இணையத்தில் மட்டும் போடாமல், சமுதாயக் கூடங்களில் வாய்விட்டு வாசித்துக் கருத்துக் கேளுங்கள். இந்த அலகை வருடக் கடைசியிலிருந்து முன்னுக்குக் கொண்டுவாருங்கள். பொதுத்தேர்வில் கேள்வி தவறாமல் வரட்டும்.

அதற்குக் காத்திருக்காமல் மூன்று மாலை உட்கார்ந்து அந்த அலகைப் படித்தோம். சீனிவாசன் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போன இடம் வந்ததும் ஒரு பையன் திருப்பாணாழ்வாரை இழுத்தான். "லோகசாரங்கர் அவரைத் தோள்ல தூக்கிட்டுக் கோயிலுக்குள்ள போனாருன்னு சொல்றாங்கல்ல, அவரோட ஊர்க்காரங்கள யாரு தூக்கினா?" அந்தக் கேள்விக்கு அலகின் பின்பயிற்சியில் இடமில்லை.

மூன்றாம் நாள் அந்தப் பெண்ணின் அம்மா வேலைச் சீருடையோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் மகளிடம், "இதப் பரீட்சைல கேப்பாங்களா?" என்றார்.

"கேக்க மாட்டாங்கம்மா."

"பரவால்ல, எனக்கு இன்னொரு தடவை படிச்சுக் காட்டு" என்று படியில் உட்கார்ந்தார்.