உளுந்தளவு ரப்பர்

காரைக்காலில் ரிப்பேர்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. குடைக் கம்பி ஒடிந்தால் ஓர் ஆள், மிக்ஸி நின்றால் ஓர் ஆள், விசைப்படகின் எஞ்சின் முரண்டு பிடித்தால் ஓர் ஆள். கைப்பேசிக்கோ பத்தடிக்கு ஒருவர் கடை போட்டிருக்கிறார். ஆனால் பழைய பிலிம் காமிரா ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு பாரதியார் சாலையில் நடந்து பாருங்கள். எல்லாரும் ஆசையாக வாங்குவார்கள். கண்ணில் வைத்துப் பார்ப்பார்கள். "அடேயப்பா, என்ன கனம்!" என்பார்கள். அப்புறம் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "மெட்ராஸுக்கு அனுப்பிப் பாருங்க சார்" என்பார்கள். எல்லாரும் எழுதிக் கொடுக்கிற மருந்துச் சீட்டு இது ஒன்றுதான்.

நான் தூக்கிக்கொண்டு அலைந்தது என் பெரியம்மாவின் காமிரா. உண்மையில் அது பெரியப்பாவுடையது. அவர் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்தவர். எங்கள் ஊர் 1954 நவம்பர் 1-ல் இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்தது. சட்டப்படியான மாற்றம் நடந்தது 1962 ஆகஸ்டு 16-ல். அந்தச் சமயத்தில் பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். 1974-ல் விடுமுறைக்கு வந்தபோது தோளில் தொங்கிக்கொண்டு வந்தது இந்தக் காமிரா. பிரான்சிலிருந்து வந்தாலும் பிறந்தது ஜப்பானில்: யாஷிகா எலக்ட்ரோ 35. 1966-ல் வெளிவரத் தொடங்கிய ஜாதி. லென்ஸின் துவாரத்தை நாம் வைத்துவிட்டால் போதும்; வெளிச்சத்தை அளந்து, ஷட்டர் எத்தனை நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் மின்சுற்றே முடிவு செய்துகொள்ளும்.

பெரியப்பா அதைக் கொண்டு மிகுதியாக எடுத்தது மாங்கனித் திருவிழாப் படங்கள். ஆனிப் பௌர்ணமியன்று பிட்சாடனர் வீதியுலா வரும்போது ஜனங்கள் மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள். அந்தரத்தில் பழம் நிற்பதுபோல ஒரு படமாவது கிடைக்கவேண்டும் என்பது அவர் பிடிவாதம். இருபது வருஷத்துப் படங்கள் ஆல்பத்தில் இருக்கின்றன. பலவற்றில் பழம் ஒரு மஞ்சள் கோடு. இரண்டொன்றில் மாத்திரம் காம்புகூடத் தெரிகிறது.

அவர் காலமான பிறகு காமிரா தோல் உறையோடு அலமாரிக்குள் போயிற்று. சென்ற வருஷம் பெரியம்மா அதை வெளியே எடுத்து, பிலிம் தள்ளும் நெம்புகோலை இழுத்துப் பார்த்திருக்கிறாள்.

"இதுக்கு என்னமோ ஆயிடுச்சுப்பா. 'டொக்'குன்னு ஒரு சத்தம் கேக்கும். அது கேட்டாத்தான் உங்க பெரியப்பா படம் எடுப்பாரு. இப்பக் கேக்கல."

எண்பது வயதில் காது மந்தம் என்று வீட்டில் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். பெரியம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "எனக்கு ஒரு படமும் வேணாம். அந்தச் சத்தம் திரும்பி வரணும்" என்றாள்.

காமிராவை வெளியூருக்கு அனுப்புவது ஒன்றும் புதிய சங்கடமல்ல. சாமானிய மனிதன் படம் எடுக்க ஆரம்பித்ததே அப்படித்தான். 1888-ல் அமெரிக்காவில் ஈஸ்ட்மன் தம் கோடக் காமிராவை இருபத்தைந்து டாலருக்கு விற்றார். உள்ளே நூறு படத்துக்கான சுருள் இருக்கும். நூறும் எடுத்து முடிந்தால் காமிராவையே ராச்செஸ்டர் நகருக்குப் பார்சல் செய்யவேண்டும். அவர்கள் பத்து டாலர் வாங்கிக்கொண்டு படங்களைக் கழுவி, புதுச் சுருள் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அத்தனை பேரும் காமிராவைத் தபாலில் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

தபாலாபீஸில் வேறு சிக்கல். பதிவுத் தபால் என்ற பழைய ஏற்பாடு 2025-ல் விரைவுத் தபாலோடு கலந்துவிட்டது. சரி, விரைவாகவே போகட்டும் என்று நீட்டினேன். இன்ஷூர் செய்வதானால் மதிப்பு என்னவென்று எழுதவேண்டுமாம். சந்தையில் இந்த மாதிரிக் காமிரா சில ஆயிரத்துக்குக் கிடைக்கும். கூடவே வந்திருந்த பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். "அத எப்படிப்பா எழுதுறது?" என்றாள். குமாஸ்தா பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். கடைசியில் ஐயாயிரம் என்று எழுதினேன். பெரியம்மா முகம் போன போக்கைப் பார்த்தால், ஏதோ பெரியப்பாவையே மட்டமாகப் பேசிவிட்டதுபோல இருந்தது.

முதலில் போன கடை பெரியது, பெயர் வேண்டாம். நான்கு மாதம் ஆயிற்று. ஒவ்வொரு முறை கேட்டபோதும் "அடுத்த வாரம்" என்ற ஒரே பதில். பிறகு ஒரு நாள் காமிரா திரும்பி வந்தது, மூன்று திருகாணிகளின் தலை சிதைந்துபோய். கூடவே ஒரு சீட்டு: மின்சுற்று கெட்டுவிட்டது, உதிரிப் பாகம் கிடையாது, ரிப்பேருக்கு லாயக்கில்லை. பார்த்ததற்குக் கட்டணம் தனி. உதிரிப் பாகம் கிடையாது என்றது பொய்யல்ல. யாஷிகா கம்பெனி 1983-ல் கியோசெராவின் கைக்குப் போயிற்று. கியோசெராவும் 2005-ல் காமிராத் தொழிலையே விட்டுவிட்டது. இன்று ஒரு காமிராவுக்குப் பாகம் வேண்டுமென்றால் செத்துப்போன இன்னொரு காமிராவின் வயிற்றிலிருந்துதான் எடுக்கவேண்டும். எனக்கு வருத்தம் அதில் இல்லை. 'டொக்' சத்தத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதி உள்ளே வைத்திருந்தேன். அந்தக் காகிதம் மடித்த மடிப்புக் கலையாமல் அப்படியே திரும்பி வந்திருந்தது.

பிறகு நாகப்பட்டினத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர் ஒரு டெலிபோன் நம்பர் கொடுத்தார். சென்னையில் வீட்டிலேயே வேலை பார்க்கும் ஒரு கிழவர். போனில் நான் "சர்க்யூட் போயிடுச்சுன்னு சொல்றாங்க" என்று தொடங்கியதுமே தடுத்துவிட்டார்.

"என்ன போயிடுச்சுன்னு நீங்க சொல்லாதீங்க சார், அதை நான் சொல்றேன். அது என்ன செய்யுது, என்ன செய்யல, அதைச் சொல்லுங்க."

பெரியம்மா கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன். சொன்னாள். மறுமுனையில் அவர் சிரித்த சத்தம் எனக்கே கேட்டது.

"அம்மாவே கண்டுபிடிச்சிட்டாங்களே! அனுப்பி வைங்க. தோல் உறை மட்டும் வேண்டாம்."

விஷயம் இதுதான். இந்த ஜாதிக் காமிராவுக்குள்ளே உளுந்தளவு ரப்பர் துண்டு ஒன்று இருக்கிறது. பிலிமைத் தள்ளும்போது ஷட்டரை அடுத்த படத்துக்குத் தயாராக்கும் தண்டு அதன்மேல்தான் வந்து நிற்கவேண்டும். வருஷக்கணக்கில் ரப்பர் இளகித் தாராகி, உதிர்ந்துபோகிறது. தண்டு தன் இடத்துக்கு வராது, 'டொக்' கேட்காது, மின்சுற்று ஒழுங்காக இருந்தும் தன் வேலையைச் செய்ய வழியில்லை. மேல்மூடியைக் கழற்றி, லென்ஸையும் பிரித்துப் போட்டால்தான் அந்த இடத்துக்குக் கை எட்டும். துண்டு ரப்பருக்கு விலையே கிடையாது. அதை அடைவதற்கு ஒரு முழு நாள் வேண்டும்.

லென்ஸுக்குள் பூசணமும் படர்ந்திருந்ததாம், சிலந்திவலை மாதிரி. கடற்கரை ஊர்க் காமிராக்களுக்கு இது வருவதுண்டு. இருட்டும் ஈரமும் பூசணத்துக்கு விருந்து. நாம் பத்திரம் என்று நினைக்கும் தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. அப்படியே விட்டால் பூசணம் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். பிறகு எத்தனை துடைத்தாலும் தழும்பு போகாது. நல்லவேளையாக அந்த அளவுக்குப் போகவில்லை. பாதரச பாட்டரிகள் உலகெங்கும் வழக்கொழிந்துவிட்டதால், இப்போது கிடைக்கும் ஆறு வோல்ட் பாட்டரி பொருந்துவதற்கு ஒரு சிறு குழலும் செய்து போட்டிருந்தார்.

மூன்றாம் வாரம் காமிரா வந்து சேர்ந்தது. எங்கள் ஊர் அம்மையார் கதையில் பரமதத்தன் இரண்டாவது மாங்கனியைச் சுவைத்துவிட்டு, இது முந்தைய பழமில்லையே என்று சந்தேகப்பட்டானல்லவா? பெரியம்மாவும் ஏறக்குறைய அந்தப் பார்வைதான் பார்த்தாள். புரட்டினாள்; அடிப்பக்கத்தில் பெரியப்பா கீறி வைத்திருந்த முதலெழுத்தைத் தடவினாள். பிறகு நெம்புகோலை இழுத்தாள்.

டொக்.

"இதான்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

பெட்டியின் அடியில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. பிரித்தால், கறுப்பாக, பிசுபிசுவென்று, அந்தப் பழைய ரப்பர். எடுத்த பாகத்தை உடையவரிடம் திருப்பிக் கொடுப்பது தம் வழக்கம் என்று எழுதியிருந்தார். பணம் அனுப்பியபிறகு போனில் கேட்டேன், தொழிலை யாராவது கற்றுக்கொண்டிருக்கிறார்களா என்று. இரண்டு பையன்கள் வந்தார்களாம். ஒரு வருஷம் இருந்துவிட்டுக் கைப்பேசி ரிப்பேருக்குப் போய்விட்டார்களாம். "அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது சார். மாசத்துக்கு நாலு காமிரா வந்தா எப்படிக் குடும்பம் நடத்துவாங்க?" என்றார். கை நடுக்கம் ஆரம்பித்திருப்பதால் இந்த வருஷத்தோடு புது வேலை எடுக்கப்போவதில்லை என்றும் சொன்னார்.

ரப்பரை யாரும் வெட்டிப் போட்டுவிடலாம். பழைய சைக்கிள் டியூபே போதும். ஆனால் எண்பது வயதுக் கிழவி ஒருத்தி போனில் 'டொக்' என்றதும், எந்த மூலையில் எது உதிர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொண்ட காது அது. அடுத்த தடவை சத்தம் நின்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

இந்த வருஷம் மாங்கனிக்கு ஒரு சுருள் வாங்கிப் போட்டேன். மொட்டை மாடியில் பெரியம்மாவே எடுத்தாள், முப்பத்தாறும். பழம் நின்றதா கோடாகிப் போனதா என்று தெரியவில்லை. பிலிம் கழுவ இங்கே ஆள் கிடைக்காமல் அதுவும் பார்சலில் போயிருக்கிறது. தினமும் பதினோரு மணிக்குப் பெரியம்மா திண்ணையில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள், தபால்காரரின் சைக்கிள் மணி அவளுக்கு நன்றாகவே கேட்கிறது.