அன்போடு வாங்கிய உப்பு

இடுக்கி மாவட்டம் வண்டிப்பெரியாற்றுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் தாயார் முப்பத்திரண்டு ஆண்டுகள் கொழுந்து பறித்தார்கள். நான் பிழைப்புக்காகக் கோயம்புத்தூரில் குடியேறியவன். ஊருக்குப் போகும்போதெல்லாம் அம்மாவுக்கு எதையாவது வாங்கிச் சென்றால் மகனுடைய கடமை முடிந்ததென்று எண்ணியிருந்தேன்.

அம்மாவுக்கு இரத்த அழுத்தம் இருப்பது எங்களுக்குத் தெரியும். ஆனால், "தலைசுற்றல்தான் இல்லையே, மாத்திரை எதற்கு?" என்று அதைப் பல மாதங்களாக விட்டுவிட்டார்கள். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிய வலி மாத்திரைகளை மட்டும் தவறாமல் விழுங்கினார்கள். 2022-இல் கால்கள் வீங்கின. பரிசோதனையில் கிரியாட்டினின் 2.4 என்று வந்தது. சிறுநீரகங்களின் செயல்திறனில் பாதிக்குமேல் போய்விட்டது என்றார் மருத்துவர்.

வலி மாத்திரையை அன்றே நிறுத்தச் சொல்லி, டெல்மிசார்டான் மாத்திரையை எழுதிக் கொடுத்தார். அது இரத்த அழுத்தத்தைக் குறைப்பதோடு, சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளுக்குள் ஏறும் அழுத்தத்தையும் தணித்து, புரதம் கசிவதைக் குறைக்குமாம். நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்கவேண்டும். கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் கூடாது என்றார்.

கருவாடில்லாமல் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. மனம் கேளாமல், நகரத்துப் பெரிய கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' வாங்கிவந்தேன். "இதைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள், அம்மா" என்றேன். மகன் வாங்கித் தந்ததல்லவா, மகிழ்ச்சியோடு போட்டுக்கொண்டார்கள்.

இரண்டு வாரங்கள் கழித்துச் செய்த பரிசோதனையில் பொட்டாசியம் 5.7 ஆக உயர்ந்திருந்தது. மருத்துவர் சமையலைக் குறித்து விசாரித்தபோது அந்த உப்பைப் பற்றிச் சொன்னேன். சோடியத்திற்கு ஈடாக அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருந்தது. நல்ல சிறுநீரகம் மிகுதியான பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும், பழுதடைந்ததால் இயலாது. அம்மா உண்ணும் மாத்திரையும் பொட்டாசியத்தைச் சற்றே உயர்த்தும். இன்னும் கூடினால் முன்னறிவிப்பின்றி இதயத் துடிப்பே நின்றுபோகலாம் என்று கேட்டபோது என் கைகள் நடுங்கின.

"அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்றேன். "நிறுத்தவேண்டியது உப்பை" என்றார் அவர். கிரியாட்டினின் 2.6 ஆகியிருந்ததற்கும், இம்மருந்தைத் தொடங்கியபின் முப்பது விழுக்காடு வரை உயர்வது எதிர்பார்க்கத்தக்கதே என்று தேற்றினார். இளநீரையும் வாழைப்பழத்தையும் விலக்கி, காய்கறிகளை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிடச் சொன்னார். அண்டை வீட்டார் கொழுப்புக்கு நல்லதென்று கொடுத்த இரும்பன்புளிச் சாற்றையும் தடுத்தார். அதைக் குடித்த பத்துப் பேருக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததைக் கேரள மருத்துவர்கள் 2013-இல் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள்.

அம்மா சிரித்தார்கள். "கப்பையை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டுவது நமக்குப் புதிதா, தம்பி? இனிக் காய்க்கும் அப்படியே செய்கிறேன்" என்றார்கள்.

இன்று கிரியாட்டினின் ஏறக்குறைய அதே அளவில் நிற்கிறது. தூரத்திலிருந்து பெற்றோரைத் தாங்குகிற பிள்ளைகளே, சிறுநீரக நோயுள்ளவர்களுக்கு எதை வாங்குமுன்னும் மருத்துவரிடம் காட்டுங்கள். நான் இப்பொழுது பொருள் எதுவும் வாங்கிச் செல்வதில்லை. பரிசோதனை நாளன்று அம்மாவோடு போய் உட்கார்ந்திருக்கிறேன்.