வேளாங்கண்ணிக்கு இருவர்

ஆகஸ்டு 29-இல் வேளாங்கண்ணியில் கொடியேறுமுன் சேர்ந்துவிட வேண்டுமென்று, பங்கு மக்களுடன் சென்னையிலிருந்து காவியுடுத்திக் கால்நடையாய்ப் புறப்பட்டோம். கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகூர் வழியாக 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணம்.

உடன்வந்த தம்பதியர், நெடுநாளாய் முகங்கொடுத்துப் பேசாதவர்கள். அவர்கள் இசைவுடனேயே இதை எழுதுகிறோம். கணவர் முன்வரிசையில் விரைந்தார். மனைவி பெண்களோடு பின்தங்கினார். சிதம்பரத்தைக் கடந்ததும் அம்மையாரின் பாதங்கள் கொப்புளித்தன. செய்தியறிந்து கணவர் திரும்பி வந்தார். ஒன்றும் பேசாமல் மனைவியின் மூட்டையைத் தம் தோளில் ஏற்றிக்கொண்டார். அதன்பின் அம்மையாரின் நடையே அவருடைய நடையுமாயிற்று. நாகூரை நெருங்குகையில் இருவரும் செபமாலையை மாறிமாறிச் சொல்லக் கேட்டோம்.

அன்பர்களே, திருமணத்தன்று கரம்பற்றுதல் எளிது. தளர்ந்தவரின் நடைக்கு நம் நடையைக் குறைத்துக்கொள்வதே இல்லறம். அவ்வரத்தை ஆரோக்கிய அன்னை வழியிலேயே அருளினாள்.