ஸ்டெப்னிக்கு ஒரு கை

வண்டியில் இருக்கும் உபரிச் சக்கரத்தை நாம் ஸ்டெப்னி என்கிறோம். உண்மையில் அது ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டில் லானெல்லி என்ற ஊரில், ஸ்டெப்னி தெருவில் இருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904 வாக்கில் உபரிச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கினார்கள். அந்தத் தெருப் பெயர் நம் மெக்கானிக்குகளின் வாயில் இன்னும் நிற்கிறது. நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் அதற்கு 'ரூ து செக்கூர்' என்று பெயர். ஆபத்துக்கு உதவும் சக்கரம் என்று பொருள். அந்த உதவிச் சக்கரமே ஆபத்தாக இருந்த கதையைத்தான் இன்று எழுதுகிறேன்.

என் மகன் சில ஆண்டுகளுக்கு முன் அரசு வேலையை விட்டுவிட்டு, சோலார் பம்பு அமைத்துத் தரும் தொழிலில் இறங்கினான். முப்பத்தைந்து வருடம் கோப்பு தள்றியவன் நான். மாதக் கடைசியில் வரும் சம்பளத்தின் அருமை எனக்குத் தெரியும். "உனக்கு என்னப்பா குறை?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு "சாப்பிட்டாயா", "மாத்திரை போட்டீங்களா" என்ற அளவோடு நின்றுவிட்டது.

தொழிலுக்காக அவன் ஒரு நான்கு சக்கர இழுவைப் பிக்கப் வாங்கினான். போளூர் வழியாக ஜவ்வாது மலைக்குப் போய் வருவான். ஜமுனாமரத்தூரைத் தாண்டி உள்ளே போனால் பல இடங்களில் கல்லும் முரடுமான பாதைதான். அந்த வண்டியில் ஸ்டெப்னி பின்தொட்டியின் அடியில் சங்கிலியில் தொங்கும். ஒரு மழைநாள் இரவு டயர் கிழிந்தபோது அடியில் படுத்துப் பார்த்திருக்கிறான். சேறு இறுகிச் சங்கிலி இறங்கவேயில்லை. விடியும்வரை வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். இதை மருமகள் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த மாதம் கொஞ்சம் பெரிய டயர்களாகப் போட்டான். பெரிய ஸ்டெப்னி அடியில் நுழையாது. பின்கதவில் துளை போட்டு, ஒரு பிளேட் வைத்து போல்ட் முடுக்கி, சக்கரத்தை அதில் மாட்டிவிட்டான். பார்க்க ஜோராகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். நான் செய்தித்தாளோடு திண்ணையில் இருந்தேன். பின்கதவின் கீல் அருகே பெயிண்டில் தலைமுடி போல ஒரு கோடு தெரிந்தது. அழுக்கு என்று நினைத்து விரலால் தேய்த்தேன். போகவில்லை. பிரெஞ்சுப் பள்ளியில் 'திக்தே' எழுதும்போது ஐந்து பிழை வந்தால் பூஜ்யம் போடுவார் எங்கள் முசியே. அங்கே பழகிய கண் இது. மறுபக்கக் கீலிலும் அதே கோடு. கதவைத் திறக்கச் சொன்னேன். உள்பக்கத் தகட்டில் விரிசல் இரண்டு அங்குலம் ஓடியிருந்தது.

மகன் அப்படியே நின்றுவிட்டான். அந்தச் சக்கரத்தை எடை போட்டபோது 34 கிலோ இருந்தது. நெடுஞ்சாலையில் கதவோடு அது பிய்ந்து விழுந்தால், பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரரின் கதி என்ன? அவனும் அதைத்தான் நினைத்திருப்பான். "இத்தனை நாள் அதுக்கு முன்னாடிதான் குழந்தையையும் உட்கார வெச்சு ஓட்டினேன்பா" என்றான்.

பல மாதங்களுக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

எனக்கு எங்கள் அலுவலகத்துப் பழைய ஜீப் நினைவுக்கு வந்தது. அதில் ஸ்டெப்னி பக்கவாட்டில் இருக்கும். ஏன் என்று ஒருமுறை டிரைவரைக் கேட்டேன். "கதவு திறக்கிறதுக்கு சார், சுமக்கிறதுக்கு இல்லை" என்றார். பிற்பாடு படித்ததில் அவர் சொன்னது சரி என்று தெரிந்தது. போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் பின்பக்கம் திறக்காத தகடு. சக்கரம் அதில் நின்றது. 1945-இல் பொதுமக்களுக்கான சிஜே-2ஏ ஜீப்பில் திறக்கும் பின்கதவு வைத்தபோது, சக்கரத்தைப் பக்கவாட்டுக்கு மாற்றினார்கள்.

இருவரும் தட்டாஞ்சாவடியில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனோம். முந்தின இரவு கட்டத்தாளில் நான் ஒரு படம் வரைந்திருந்தேன். பள்ளியில் கற்ற பழக்கம், எல்லாம் மில்லிமீட்டர். பட்டறைக்காரர் படத்தைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு அளவு அங்குலமும் நூலும்தான். எட்டு நூல் ஒரு அங்குலம். சக்கரத்தின் ஆறு போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தை நான் 140 மி.மீ. என்று அளந்து எழுதியிருந்தேன். "அஞ்சரை இன்ச்சு சார்" என்றார் அளக்காமலே. வீட்டுக்கு வந்து வண்டியின் விவரப் புத்தகத்தைப் பார்த்தேன். 139.7 என்று இருந்தது. அஞ்சரையை 25.4 ஆல் பெருக்கினால் சரியாக அதேதான்! ஜப்பான்காரன் வண்டிக்குள்ளும் அங்குலம் ஒளிந்திருக்கிறது.

அவர் சொன்ன முறை இது. பின்கதவு வெறும் தோல், எலும்பு சேஸ்தான். பம்பரைப் பிடித்திருக்கும் சேஸ் துளைகளிலேயே கனமான இரும்புக் குழாய் ஒன்றை போல்ட் போட்டு நிறுத்த வேண்டும். அதன் இடது முனையில் செங்குத்தாகப் பழைய மாருதி 800-இன் பின்சக்கர ஹப். அதில் ஒரு இரும்புக் கை கதவு போலச் சுழலும். சக்கரம் அந்தக் கையில் உட்காரும். முதலில் கையை விலக்கி, பிறகுதான் பின்கதவைத் திறக்க வேண்டும்.

சக்கரத்தை நடுவில் வைக்கலாம் என்றான் மகன். கீல் பக்கம் நகர்த்தினார் பட்டறைக்காரர். எடை கீலுக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறதோ அவ்வளவு குறைவாகக் கீல் வாதைப்படும். கை மூடியதும் வலது முனை ஒரு சாய்ந்த மேடையில் ஏறி ரப்பர் மேல் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் மூடியிருக்கும்போதும் முழு எடையையும் கீலே தாங்கும், ஆட்டத்தில் கடகடவென்று சத்தமும் வரும். கீலை ஏன் இடப்பக்கம் வைத்தார் என்று கேட்டேன். ஓரமாக நிறுத்தித் திறக்கும்போது கை நடுரோட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்றார். மேட்டில் திறந்த கை தானே திரும்பி வந்து ஆளை அடிக்காமலிருக்க ஒரு முளையும் வைத்தார்.

என் பங்குக்கு ஒன்று இருந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில், மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வந்தது. "எல்லாரும் போடறாங்கப்பா" என்றான் மகன். எல்லாரும் போடுகிறார்கள் என்பது எந்தக் கோப்பிலும் குறிப்பாக ஏறாது என்றேன்.

கடைசியில் ஒரு வழி கண்டோம். சேஸில் வெட்டும் இல்லை, பற்றவைப்பும் இல்லை, எல்லாம் போல்ட். ஊர்ச் சாலையில் சக்கரம் தொட்டிக்குள் பட்டையால் கட்டிப் படுத்திருக்கும். மலையடிவாரத்தில் கையை மாட்டுவான், இறங்கியதும் கழற்றுவான். நம்பர் பிளேட்டும் விளக்கும் எப்போதும் மறையாது. கால் மணி நேர வேலை கூடுதல். முணுமுணுத்தான், ஒப்புக்கொண்டான்.

கறுப்புப் பெயிண்ட் அடிக்கலாம் என்று அவன் சொன்னபோது நான் வெள்ளை கேட்டேன். பட்டறைக்காரர் என் பக்கம் நின்றார். வெள்ளையில்தான் விரிசலும் துருவும் உடனே தெரியும்.

ஆறு மாதம் ஆகிறது. மலையிலிருந்து வந்ததும் அவன் கையைக் கழற்றித் திண்ணையில், என் நாற்காலிக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கிறான். நான் டார்ச்சும் மூக்குக்கண்ணாடியுமாக ஒவ்வொரு பற்றையும் பார்க்கிறேன். பார்த்து முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்து அந்த வாரம் எந்த ஊரில் பம்பு போட்டான், எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று சொல்லிக்கொண்டிருப்பான். "சரியா இருக்கு" என்று நான் சொல்லும்வரை எழுந்திருக்க மாட்டான்.

எனவே கொஞ்சம் மெதுவாகத்தான் பார்க்கிறேன்.