11 கட்டத்தில் ஒரு பூ

காலையில் பேப்பர் வந்ததும் தாத்தா திருப்புவது ஆங்கிலக் குறுக்கெழுத்துப் பக்கத்தைத்தான். பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கும் தொற்றிக்கொண்டது.

போட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும், அந்தக் கட்டங்களுக்குள் ஒரு தோட்டமே இருக்கிறது. 4 கட்டத்தில் பூ என்றால் பெரும்பாலும் ஐரிஸ். கற்றாழை என்றால் அலோ. நாலில் மூன்று உயிரெழுத்து, புதிர் அமைப்பவர்களுக்கு வேறென்ன வேண்டும்? ஹனிசக்கிளுக்கு 11 கட்டம். அதையே 8 கட்டத்தில் கேட்டால் உட்பைன். சில சமயம் ‘ஃப்ளவர்’ என்று குறிப்பு இருக்கும், ஆனால் விடை பூவே இல்லை! ‘ஃப்ளோ’ ஆவது, அதாவது ஓடுவது என்று பிரித்து, தேம்ஸ் நதியைக் கேட்டிருப்பார்கள்.

“ஹனிசக்கிள் எப்படி இருக்கும் தாத்தா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“யாருக்குத் தெரியும்? 11 எழுத்துடா, அவ்வளவுதான்” என்று சிரித்தார்.

போன வருடம் தாத்தா இறந்துவிட்டார். சமீபத்தில் எங்கள் வாசலில் படர்ந்திருக்கும் ரங்கூன் மல்லியைப் பற்றித் தேடியபோது ஒன்று கண்ணில் பட்டது. ஆங்கிலத்தில் அதற்கு ‘சைனீஸ் ஹனிசக்கிள்’ என்றும் ஒரு பெயர் உண்டாம். நிஜ ஹனிசக்கிளின் குடும்பம் வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வெள்ளையாக விரிந்து இரண்டொரு நாளில் சிவந்துபோகும் அந்தப் பூக்களின் கீழே நாற்காலி போட்டுத்தான் தாத்தா தினமும் கட்டங்களை நிரப்புவார்.

இருவருமே ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.