கொசுறு

கத்தரிக்காய் வாங்கினால் இரண்டு இணுக்குக் கறிவேப்பிலை, தேங்காய் வாங்கினால் ஒரு பச்சை மிளகாய் என்று காய்கறிக்காரி கூடையில் போடுகிறாளே, அந்தக் கொசுறுக்கு நிகரான சந்தோஷம் வேறு எதிலும் கிடையாது. அதன் விலை ஓர் அணாக்கூடப் பெறாது. ஆனாலும் கொசுறு இல்லாத வியாபாரத்தை நம் வீட்டுப் பெண்மணிகள் வியாபாரம் என்றே ஒப்புக்கொள்வதில்லை. இந்த ரகசியத்தைப் பாங்குக்காரர்களும் தெரிந்துகொண்டுவிட்டார்கள். கூடைக்காரி கறிவேப்பிலை போடுகிறாள். பாங்கு 'ரிவார்டு பாயிண்ட்' போடுகிறது.

இதை முதலில் கண்டுபிடித்தது பாங்கு அல்ல. அமெரிக்காவில் 1896-ஆம் ஆண்டிலேயே ஸ்பெர்ரி அண்டு ஹட்சின்ஸன் என்ற கம்பெனி பச்சை நிற ஸ்டாம்புகளை அச்சடித்துக் கடைக்காரர்களுக்கு விற்றது. கடைக்காரர் சாமான் வாங்குகிறவர்களுக்கு அவற்றை இனாமாகக் கொடுப்பார். இல்லத்தரசிகள் நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்து, புத்தகம் நிரம்பியதும் பாத்திரமோ விளக்கோ வாங்கிக்கொள்வார்கள். கார்டு பிற்பாடு வந்தது. 1950-இல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப். 1958-இல் கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரத்தில் பாங்க் ஆஃப் அமெரிக்கா, யாரும் கேட்காமலே சுமார் 60,000 கார்டுகளைத் தபாலில் அனுப்பி வைத்தது. அந்தக் கார்டுதான் 1976-இல் 'விசா' என்று பெயர் மாற்றிக்கொண்டது.

எனக்குத் தபாலில் வரவில்லை, டெலிபோனில் வந்தது. பேசிய பெண் மிகவும் மரியாதையாக, "சார் என்ன செய்யறீங்க?" என்று கேட்டாள்.

"நாவல் எழுதுகிறேன்."

"அது சரி சார், வேலை என்ன பார்க்கறீங்க?"

இந்தக் கேள்விக்கு என் மாமனாருக்கே நான் இன்னும் திருப்தியான பதில் சொன்னதில்லை. இருந்தாலும் வருமான வரிக் கணக்கைக் காட்டியதில் இரண்டு பாங்குகள் மனமிரங்கின. இரண்டில் எதை எடுப்பது என்பதுதான் பிரச்னை. நானும் என் மனைவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் முழுவதையும் இதற்குச் செலவழித்தோம்.

முதல் கார்டுக்கு வருஷச் சந்தா ஆயிரம் ரூபாய். பதினெட்டு சதவிகித வரியும் சேர்த்து 1,180. சூப்பர் மார்க்கெட்டில் மளிகை வாங்கினால் நூற்றுக்கு ஐந்து ரூபாய் திரும்ப வரும். இரண்டாவது கார்டுக்குச் சந்தா கிடையாது. நூற்றுக்கு ஒரு ரூபாய்தான் தரும். ஆனால் அது ரூபே கார்டு. கடை வாசலில் ஒட்டியிருக்கும் சதுரக் கட்டத்தைப் போனில் காட்டினால் தெருமுனை மளிகைக் கடையிலும் செல்லும்.

"ஒண்ணு பெரிசா, அஞ்சு பெரிசா? இதுக்குப் போய் யோசனையா?" என்றாள் என் மனைவி. ஆனாலும் பென்சிலையும் அவளேதான் எடுத்து வந்தாள்.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டுச் செலவு மாதம் பன்னிரண்டாயிரம். பாலும் காய்கறியும் மூவாயிரம்; அது ரொக்கம். சூப்பர் மார்க்கெட்டில் நாலாயிரம். பாக்கி ஐயாயிரம் தெருமுனை அண்ணாச்சிக்கு. முதல் கார்டை எடுத்தால் நாலாயிரத்துக்கு மாதம் இருநூறு, வருஷத்துக்கு 2,400. சந்தாவைக் கழித்தால் 1,220. இரண்டாவது கார்டை எடுத்தால் அண்ணாச்சி கடையையும் சேர்த்து ஒன்பதாயிரத்துக்கு மாதம் தொண்ணூறு, வருஷத்துக்கு 1,080. ஐந்துக்கும் ஒன்றுக்கும் உள்ள மலையளவு வித்தியாசம் கடைசியில் 140 ரூபாயாகக் கரைந்து போயிற்று.

இந்த 140-ம் நிச்சயமில்லை. மளிகை என்பதைப் பாங்கு துவரம்பருப்பைப் பார்த்துத் தீர்மானிப்பதில்லை. ஒவ்வொரு கடைக்கும் நாலு இலக்கத்தில் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். மளிகைக்கு 5411. கடை வேறு எண்ணில் பதிவாகியிருந்தால், நீங்கள் மூட்டை மூட்டையாக அரிசி வாங்கினாலும் பாங்கின் கண்ணுக்கு அது மளிகை ஆகாது. பரிசுக்கு மாத உச்சவரம்பு வேறு உண்டு. இவற்றையெல்லாம் பொடி எழுத்தில் போடுவார்கள். கார்டு எடுப்பதற்கு முன் முதலில் படிக்க வேண்டியது அந்தப் பொடி எழுத்தைத்தான்.

அப்போது என் மனைவி பென்சிலைக் கன்னத்தில் தட்டிக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, அண்ணாச்சிகிட்ட வாங்கறதையும் சூப்பர் மார்க்கெட்டுக்கே மாத்திட்டா?"

கணக்குப் பார்த்தோம். ஒன்பதாயிரத்துக்கு ஐந்து சதவிகிதம் மாதம் 450, வருஷம் 5,400, சந்தா போக 4,220. அதாவது அண்ணாச்சியைக் கைவிட்டால் வருஷத்துக்கு மூவாயிரம் ரூபாய் கூடுதல். மாதத்துக்கு இருநூற்றைம்பது.

இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அண்ணாச்சி தியாகி அல்ல. அவர் கடையில் பருப்பு கிலோவுக்கு நாலைந்து ரூபாய் கூடத்தான் இருக்கும். ஆனால் 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். கரண்டு இல்லை, பாங்கு இயந்திரங்கள் செத்துக் கிடந்தன. பர்ஸில் மூன்று கார்டு வைத்திருந்தவரும் ஒரு தீப்பெட்டி வாங்க முடியாமல் நின்றார். அண்ணாச்சி பாதி ஷட்டரைத் தூக்கி, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தெரு முழுவதற்கும் அரிசியும் பால் பவுடரும் கொடுத்து, நீளமான பற்று நோட்டில் பெயர் பெயராக எழுதிக்கொண்டார். மறு வருஷம் நவம்பர் 8-ஆம் தேதி இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று ஆனபோதும் அதே நோட்டுதான் எங்களைக் காப்பாற்றியது. அந்தக் கடனுக்கு அவர் வட்டி கேட்கவில்லை; பாயிண்டும் கொடுக்கவில்லை. எங்கள் வருமான வரிக் கணக்கையும் பார்க்கவில்லை.

மாதம் இருநூற்றைம்பது ரூபாய்க்கு அந்த நோட்டில் உள்ள என் பெயரை விற்பதா என்பதுதான் எங்கள் முன் இருந்த கேள்வி. "வேண்டாம்" என்று என் மனைவியே அந்தக் கணக்கின் மேல் குறுக்குக் கோடு போட்டாள்.

கார்டில் கொடுத்தால் அவருக்கு நஷ்டமா என்று அவரிடமே கேட்டேன். "ரெண்டாயிரத்துக்குள்ள இருந்தா பிடித்தம் கிடையாது சார். எதுல தந்தாலும் துட்டு துட்டுதானே" என்றார். 2022-இல் ரூபே கிரெடிட் கார்டை யூபிஐ வழியாகச் செலுத்த ஏற்பாடு செய்தபோது, சிறு வியாபாரிகளுக்கு அந்தத் தொகை வரை கட்டணம் இல்லை என்று விதி வந்தது. அண்ணாச்சி பேப்பர் படிக்கிறவர்.

கடைக்காரர் கொடுக்கவில்லையென்றால் எனக்கு வருகிற அந்த ஒரு ரூபாய் யார் வீட்டுக் கறிவேப்பிலை? கூடைக்காரி தன் கூடையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறாள். பாங்கு யாருடைய கூடையிலிருந்து எடுக்கிறது? பெரிய கடைகளில் ஒவ்வொரு விற்பனையிலும் பிடிக்கும் கமிஷனில் ஒரு பங்கு வருகிறது. கடைக்காரர் அதை விலையில் சேர்க்கும்போது ரொக்கம் கொடுக்கும் ஏழையும் அதைச் சுமக்கிறான். பாஸ்டனில் உள்ள ஃபெடரல் ரிசர்வ் பாங்கின் ஆராய்ச்சியாளர்கள் 2010-இல் இதைக் கணக்கிட்டார்கள். அமெரிக்காவில் ரொக்கம் கொடுக்கும் குடும்பம் சராசரியாக வருஷத்துக்கு 149 டாலர் இழக்கிறது. கார்டு உபயோகிக்கும் குடும்பம் 1,133 டாலர் பெறுகிறது என்று கண்டார்கள்.

மற்றொரு பங்கு வட்டியிலிருந்து வருகிறது. அதை என் மைத்துனன் வீட்டில் பார்த்தேன். அவன் ஊதாரி அல்ல. குழந்தைக்கு உடம்பு சரியில்லாத ஒரு மாதத்தில் பில்லில் இருந்த 'குறைந்தபட்சத் தொகை'யை மட்டும் கட்டினான். ஏதோ சலுகை என்று நினைத்து அடுத்த மாதமும் அப்படியே செய்தான். நிலுவை நாற்பதாயிரம். மாதம் மூன்றரை சதவிகித வட்டி 1,400, அதன் மேல் வரி 252, ஆக 1,652. நான் ஒரு வருஷம் முழுவதும் பருப்பும் புளியும் வாங்கிச் சேர்க்கும் 1,080 ரூபாயை அவன் ஒரே மாதத்தில் கட்டித் தீர்த்து, மேலும் கொடுத்துக்கொண்டிருந்தான். பழைய பாக்கி இருக்கும்வரை புதுச் சாமானுக்கு வட்டியில்லாத் தவணையும் கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். வருஷத்துக்கு முப்பது சதவிகிதத்துக்கு மேல் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொல்லியிருந்தது. சுப்ரீம் கோர்ட் 2024 டிசம்பர் 20-இல் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. சட்டம் காப்பாற்றும் என்று இருப்பதற்கில்லை.

இன்னொரு சங்கதியும் உண்டு. கையை விட்டுக் காசு போவது தெரியாவிட்டால் மனசு தாராளமாகிவிடுகிறது. பிரெலெக், சிமெஸ்டர் என்ற இரண்டு பேராசிரியர்கள் கூடைப்பந்து ஆட்ட டிக்கெட்டுகளை ஏலம் விட்டுப் பார்த்தார்கள். கார்டில் கொடுக்கலாம் என்றதும் கேட்ட விலை, ரொக்கத்துக்குக் கேட்டதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்காயிற்று. 2001-இல் வெளியான ஆராய்ச்சி இது. நூற்றுக்கு ஐந்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், பட்டியலில் இல்லாத பிஸ்கெட்டும் சீஸும் கூடையில் ஏறினால் கொசுறு எங்கே, லாபம் எங்கே?

ஆகவே சந்தா இல்லாத இரண்டாவது கார்டையே எடுத்தோம். முழுத் தொகையும் தேதி தவறாமல் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அப்படியும் என் மனைவிக்கு நம்பிக்கை இல்லை. தினசரிக் காலண்டரில் அந்தத் தேதியைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறாள். வீட்டுக்கு வீடு செலவு வேறு, கடை வேறு. உங்களுக்கு முதல் கார்டே லாபமாக இருக்கலாம். ஆனால் எத்தனை சதவிகிதம் வரும் என்று கேட்பதற்கு முன், மாதாமாதம் முழுப் பில்லையும் நம்மால் கட்ட முடியுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். முடியாது என்றால் எந்தக் கார்டும் வேண்டாம்.

மைத்துனன் பாக்கியை நகையை வைத்து அடைத்தோம். அந்த வட்டி மாதத்துக்கு ஒரு சதவிகிதத்துக்குள்தான். என் கார்டில் மாதாமாதம் சேரும் தொண்ணூறு ரூபாயை என் மனைவி தனியாக ஒரு டப்பாவில் எடுத்து வைக்கிறாள். நகையை மீட்க அது போதாது என்று அவளுக்கும் தெரியும். "யாரோ ஒருத்தர் வட்டி கட்டின காசு, இன்னொருத்தர் வட்டிக்கே போகட்டும்" என்கிறாள்.